கடல் விலகிய தெரு

சிங்கப்பூருக்குச் சென்று மீண்டவர்களிடம், "அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடையே கிடைக்கும். மூன்று பெருங் கட்டடங்களின் தலைமேல் கப்பலொன்றை ஏற்றி வைத்தாற் போன்ற விடுதி. இரும்புச் சட்டங்களால் ஆகிய மாமரங்கள் நிற்கும் பூங்கா. வாயினால் நீர் உமிழும் சிங்கமீன் சிலை. இவை யாவும் காணத் தக்கனவே. நானும் கண்டேன், கண்டு வியந்தேன். ஆயினும், அந்த விடுதி 2010 ஆம் ஆண்டிலும் பூங்கா 2012 ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டவை. அவை நிற்கும் நிலமோ, நான் பாலர் வகுப்பிற் சேர்ந்த நாளில் நிலமாகவே இருக்கவில்லை. அங்கே கடல் இருந்தது.

இந்த ஒன்றை மனத்திற் கொண்டால் சிங்கப்பூர் நகரை வேறொரு விதமாகப் பார்க்கலாம். எந்தக் காட்சிக்கு முன் நின்றாலும், "முன்பு கரை எங்கே இருந்தது?" என்று கேட்க வேண்டும். 1960 ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 580 சதுர கிலோமீற்றராய் இருந்த அத்தீவு இன்று 730 சதுர கிலோமீற்றருக்கு மேற் பரந்து கிடக்கின்றது. தன் குன்றுகளைத் தானே வெட்டித் தன் கடலிற் போட்டு வளர்ந்த ஊர் அது. அவ்வாறு வளர்ந்தபோது எதை வைத்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்பதே இன்று உங்களுடன் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

என் பாட்டனார் ஒரு 'மலாயாப் பென்சன்காரர்'. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இச்சொல்லுக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆங்கிலம் கற்ற இளைஞர் பலர் ஒருகாலத்திற் கப்பலேறிச் சென்று மலாயாப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராகி, முதுமையில் ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பினார்கள். பாட்டனார் கோலாலம்பூரிற் பணி புரிந்தவர். விடுமுறைக்குச் சிங்கப்பூர் போவார். "மோனை, சிங்கப்பூரிலை கோச்சியாலை இறங்கிக் கொஞ்சம் நடந்தால் முதலிலை வாறது கடல் மணம். கொலியர் துறையிலை நிண்டு கப்பல் எண்ணலாம்" என்று அவர் சொல்வதைத் திண்ணையிலிருந்து கேட்டிருக்கின்றேன். ஆகவே சிங்கப்பூருக்குச் சென்றபோது, அவர் இறங்கிய நிலையத்தையே முதலில் தேடிப் போனேன்.

தஞ்சோங் பகாரிலுள்ள அந்நிலையம் 1932 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. முகப்பில் நான்கு வெண்பளிங்கு உருவங்கள் நிற்கின்றன. உழவு, வாணிகம், போக்குவரத்து, கைத்தொழில் என்னும் நான்கினையும் மனித வடிவிற் காட்டியவை அவை. நிலையம் இருந்தது, புகையிரதந்தான் இல்லை. 2011 ஆம் ஆண்டு யூன் 30 ஆம் நாளிரவு, யொகூர் சுல்தான் தாமே ஓட்டிச் செல்ல, கடைசி வண்டி அங்கிருந்து புறப்பட்டுப் போயிற்று. கட்டடத்தைத் தேசியச் சின்னமாகக் காத்து வைத்திருக்கின்றார்கள். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். பாதி காப்பதும் பாதி கழற்றுவதுமாகிய இந்த முறையை அந்நகரிற் பின்னும் பல இடங்களிற் கண்டேன்.

தஞ்சோங் பகாருக்கு இன்னுமொரு பழைய சிறப்புண்டு. 1819 ஆம் ஆண்டு சேர் ஸ்ராம்போட் ராபிள்ஸ் பினாங்கிலிருந்து இரண்டாம் முறை சிங்கப்பூருக்கு வந்தபோது அவருடன் கப்பலில் வந்தவர் நாராயண பிள்ளை என்னும் தமிழர். வந்த இடத்தில் ஓலைக் குடிசைகளே இருக்கக் கண்டு, தஞ்சோங் பகாரிலே செங்கற் சூளையொன்றை அவர் தொடங்கினார். பினாங்குக்கு எழுதிக் கொத்தரையும் தச்சரையும் வரவழைத்தார். பின்பு துணிக்கடையும் வைத்தார்; 1822 ஆம் ஆண்டில் அது தீக்கு இரையாகிக் கடனாளியானார்; மீண்டும் எழுந்தார். இன்று விண்ணை முட்டும் அந்நகரின் கட்டடத் தொழிலுக்குத் தொடக்கம் ஒரு தமிழரின் சூளைப் புகை என்று சொன்னால் அது மிகையாகாது.

அங்கிருந்து வடக்கே சிறிது தூரம் நடந்தால் தெலுக் ஆயர் வீதி வரும். மலாய் மொழியில் 'தெலுக்' என்றால் குடா; 'ஆயர்' என்றால் நீர். பெயரில் நீர் இருக்கின்றது, வீதியில் இல்லை. இருமருங்கும் கட்டடங்கள், அவற்றின் பின்னே ஐம்பது அறுபது மாடிக் கோபுரங்கள். ஆனால், அவ்வீதியின் ஒரே பக்கத்தில் மூன்று வழிபாட்டிடங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்றும் ஒரே திசையை நோக்குகின்றன. ஏன் அவ்வாறு நோக்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவை கட்டப்பட்ட நாளில் எதிரே கடல் இருந்தது. அவ்வீதியே கரை.

அம்மூன்றில் ஒன்று நாகூர் தர்கா. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் 1828 ஆம் ஆண்டுக்கும் 1830 ஆம் ஆண்டுக்கும் இடையில் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக அதனைக் கட்டினார்கள். ஆண்டகையின் அடக்கத்தலம் நாகூரில் இருக்கின்றது. இஃது அதனை நினைந்து கடல் கடந்தவர்கள் எழுப்பிய நினைவிடம். அருகே அல் அப்ரார் பள்ளிவாசல் இருக்கின்றது. 1827 ஆம் ஆண்டிற் குடிசையாகத் தொடங்கியதால் அதற்குக் 'குச்சுப் பள்ளி' என்றே பெயர் வழங்கிற்று. இவ்விரண்டுக்கும் இடையிலே தியான் ஹொக் கெங் என்னும் சீனக் கோயில் 1839 முதல் 1842 வரை எழுந்தது. அதில் உறைபவள் மாசு என்னும் கடற்றெய்வம். சீனத்திலிருந்து பாய்மரக் கப்பலில் வந்தவன் கரையேறியதும் முதலில் அவளுக்கு ஊதுபத்தி ஏற்றுவான். கோடிக்கரையினின்று வந்தவனோ தர்காவின் படியேறிப் பாத்திகா ஓதுவான். மொழியும் சமயமும் வேறு. நடுக்கடலிற் பட்ட அச்சமும் கரை கண்ட நிம்மதியும் ஒன்றே. வீதியின் ஒரே வரிசையில் அவர்கள் அடுத்தடுத்துக் கட்டியதற்கு இதனைவிட வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

பின்பு கடல் போயிற்று. 1879 ஆம் ஆண்டு தொடங்கி அக்குடாவைத் தூர்த்தார்கள். மண்ணுக்கு எங்கே போவது? அருகிலிருந்த வாலிச் குன்றை வெட்டிக் கொண்டுவந்து கொட்டினார்கள். குன்றும் போயிற்று, குடாவும் போயிற்று. இரண்டும் சேர்ந்து தெருக்களாயின. அவ்வூரில் இது புதிய பழக்கமும் அன்று. ராபிள்ஸ் தாமே 1822 ஆம் ஆண்டில் ஆற்றருகே இருந்த சிறு குன்றொன்றைக் கரைத்து, தென்கரைச் சதுப்பை நிரப்பச் செய்தார். கடல் விலகிய பின்னும் மூன்று கோயில்களும் அங்கேயே நின்றுவிட்டன.

தெலுக் ஆயரிலிருந்து மேற்கே சில நிமிட நடையில் சவுத் பிரிட்ஜ் வீதி. நாராயண பிள்ளை எழுப்பிய மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கின்றது. முதலில் அவருக்குத் தெலுக் ஆயரிலேதான் நிலம் கொடுத்தார்கள். கோயிலுக்கு வேண்டிய நன்னீர் அங்கே கிடையாதாகையால் அதனை விட்டார். இறுதியில் 1823 ஆம் ஆண்டு இந்நிலம் கிடைத்தது. 1827 ஆம் ஆண்டில் மரத்தாலும் ஓலையாலும் கோயில் எழுந்தது. கல்லும் சுண்ணமுமாகிய கட்டடமும் கோபுரமும் பிற்காலத்தன. கோயிலின் ஒரு பக்கத்து வீதிக்குப் 'பகோடா வீதி' என்று பெயர். அதைக் கேட்டுச் சீனக் கோயில் தேடி அலையும் யாத்திரிகர் உண்டு. அந்தப் 'பகோடா' நம் கோபுரமே! ஆண்டுதோறும் அங்கே தீமிதி நடைபெறுகின்றது. சீனர் பேட்டையின் நடுவே, தமிழ்ப் பெண்கள் மஞ்சட் சேலையுடன் வரிசையில் நிற்பதைச் சுற்றுலா வந்தோர் படம் எடுக்கின்றனர். நிற்பவர்களுக்கு அது காட்சியன்று; நேர்த்தி.

இனி ஆற்றின் முகத்துவாரத்துக்கு வருவோம். வருத்தமான கதை இங்கேதான் இருக்கின்றது.

1819 ஆம் ஆண்டில் அம்முனையிற் காடு வெட்டியபோது பெரும் பாறையொன்று வெளிப்பட்டது. உயரம் சுமார் பத்தடி. அதன் முகத்தில் ஏறக்குறைய ஐம்பது வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. இன்னதென்று எவராலும் படிக்க முடியவில்லை. வந்தோர் பலரும் பார்த்தார்கள். சிலர் படியெடுக்க முயன்றார்கள். 1843 ஆம் ஆண்டில், முகத்துவாரத்தை அகலமாக்கவும் கட்டடத்துக்கு இடம் காணவும் வேண்டி, அரசாங்கப் பொறியியலாளர் அதை வெடிவைத்துத் தகர்த்தார். எழுத்துள்ள சில துண்டுகளை ஜேம்ஸ் லோ என்னும் இராணுவ அதிகாரி பொறுக்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்று பிற்காலத்தில் திரும்பி வந்து, இன்று சிங்கப்பூர் தேசிய நூதனசாலையிற் கண்ணாடிக்குள் இருக்கின்றது. ஒரு மனிதன் இரு கைகளாலும் அணைக்கத் தக்க அளவு, மங்கலான எழுத்துகள். அதன் முன் நெடுநேரம் நின்றேன். ஒரு நகரின் முதற் பக்கத்தைக் கிழித்தெடுத்து, ஓரத்துக் கடதாசியை மட்டும் சட்டமிட்டு மாட்டியது போல இருந்தது.

அக்கல்லை இராசேந்திர சோழனின் 1025 ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்போடு இணைத்துப் பேசுவோர் உண்டு. சாவகத்து எழுத்து என்போரும் உண்டு. தமிழர் நமக்கு முதற் கருத்தில் ஆசை எழுவது இயல்பே. ஆயினும், படிக்கப்படாத கல்லை நம் கல் என்று கொண்டாடுவது வரலாற்று மாணவனுக்கு அழகன்று. என் வகுப்பில் எந்த மாணவனாவது அப்படி எழுதினால் சிவப்பு மையாற் கோடிடுவேன்.

கல் தகர்ந்த அவ்விடத்துக்கு அண்மையிலேதான் இன்று சிங்கமீன் சிலை நீர் உமிழ்கின்றது. மலாய் வரலாறு ஒரு கதை சொல்லும். சோழ அரசனின் வழிவந்தவனாகக் கூறப்படும் இளவரசனொருவன் இத்தீவில் இறங்கியபோது விசித்திர விலங்கொன்றைக் கண்டானாம். அது சிங்கம் என்று பிறர் சொல்ல, ஊருக்குச் சிங்கபுரம் என்று பெயரிட்டானாம். மலாயாக் காடுகளிற் புலியுண்டு, சிங்கம் வாழ்ந்ததில்லை. அது கிடக்க. பாதி சிங்கமும் பாதி மீனுமாகிய இவ்வுருவம் 1964 ஆம் ஆண்டிற் சுற்றுலாச் சபைக்கான சின்னமாக வரையப்பட்டது. சிலை 1972 ஆம் ஆண்டிலே திறந்து வைக்கப்பட்டது. 1997 ஆம் ஆண்டில் எதிரே பாலம் எழுந்து காட்சியை மறைத்தது. எழுபது தொன் எடையுள்ள சிலையை 2002 ஆம் ஆண்டில் 120 மீற்றர் அப்பால் நகர்த்தி வைத்தார்கள். உண்மைக் கல்லுக்கு ஆற்றுவாயில் இடமில்லையென்று வெடிவைத்த ஊர், கற்பனை விலங்குக்கு இடம் தேடித் தூக்கிச் சென்றிருக்கின்றது. செய்தவர்கள் வேறு, காலமும் வேறு என்பதை அறிவேன். எனினும், அங்கே நின்றபோது இவ்வெண்ணத்தை என்னால் அடக்க முடியவில்லை.

ஆற்றைக் கடந்து வடகரைக்குச் சென்றால், பச்சைப் புல்வெளியின் அருகே வெண்ணிறத்தில் சென் அந்திரேயர் பேராலயம் தோன்றும். 1862 ஆம் ஆண்டில் அது அபிடேகம் செய்யப்பட்டது. அதனைக் கட்டியவர்கள் கைதிகள். இந்தியாவிற் குற்றத் தீர்ப்புப் பெற்று நாடு கடத்தப்பட்டவர்கள். அவர்களுள் முதற் கூட்டம் 1825 ஆம் ஆண்டு பெங்கூலனிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டது. 1873 ஆம் ஆண்டு வரை அம்முறை நடந்தது. ஆலயத்தின் உட்சுவரைத் தொட்டுப் பாருங்கள். சங்கு போல வழவழப்பாக இருக்கும். சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைக் கலந்து பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகிட்ட சுண்ணம் அது. 'சென்னைச் சுண்ணம்' என்று அதற்குப் பெயர். நம் நாட்டுக் கொத்தரின் கைமுறை. இன்று சனாதிபதி மாளிகையாக விளங்கும் அந்நாளைய ஆளுநர் மாளிகையும் 1869 ஆம் ஆண்டில் அக்கைதிகளின் உழைப்பால் முடிந்ததே. மாளிகை இருக்கின்றது, ஆலயம் இருக்கின்றது. கட்டியவர்களின் பெயரைத் தாங்கிய கல்லொன்றை நான் அங்கே காணவில்லை.

அந்தப் புல்வெளியிலேதான் 1943 யூலையில் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய இராணுவத்தின் முன் நின்று டில்லி நோக்கி நடக்க அழைத்தார். இறப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழ் ஆண்களும் பெண்களும் அப்படையிற் பெருந்தொகையினர். 1945 யூலையில் போஸ் அவ்விடத்தருகே, போரில் மாண்டவர்களுக்கு நினைவுச் சின்னம் ஒன்றிற்கு அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் மூன்று சொற்களைத் தாங்கிய அச்சின்னம், அதே ஆண்டு செத்தெம்பரில் மீண்டு வந்த பிரித்தானியராற் தகர்க்கப்பட்டது. 1995 ஆம் ஆண்டிலே அங்கே குறிப்புக் கல்லொன்றை நாட்டினார்கள். நூறாண்டு இடைவெளியில், ஆற்றுவாயின் தென்புறம் ஒரு கல், வடபுறம் ஒரு கல். இரண்டிற்கும் ஒரே கதி.

புல்வெளிக்குப் பின்னே கானிங் கோட்டைக் குன்று. மலாயர் அதை 'விலக்கப்பட்ட குன்று' என்றார்கள். பண்டை அரசர் வாழ்ந்த இடம் என்று அஞ்சி ஏறமாட்டார்கள். ராபிள்ஸ் அஞ்சவில்லை, உச்சியில் வீடு கட்டிக்கொண்டார். 1928 ஆம் ஆண்டில் அங்கே நீர்த்தேக்கத்துக்குத் தோண்டியபோது பொன் ஆபரணங்கள் கிடைத்தன. 1984 ஆம் ஆண்டில் முறையான அகழ்வாய்வு தொடங்கிற்று. பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகளும் கண்ணாடி மணிகளும் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. ராபிள்ஸுக்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்னரே அங்கே நகரும் வாணிகமும் இருந்தமை உறுதியாயிற்று.

அதே 1984 ஆம் ஆண்டில், நேயர்களே, வட்டுக்கோட்டையிற் பிறந்த ஒருவர் சிங்கப்பூரின் பழமை பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அவர் சி. இராசரத்தினம், அந்நாட்டின் முதல் வெளிநாட்டமைச்சர், 1966 ஆம் ஆண்டிற் பாடசாலைப் பிள்ளைகள் உரைக்கும் தேசிய உறுதிமொழியை எழுதியவர். ராபிள்ஸை நகரின் தோற்றுநர் என்று தாங்கள் ஏற்றது ஏன் என்பதை அவர் விளக்கினார். சீனர், மலாயர், இந்தியர் ஒவ்வொருவரும் தத்தம் பழமையைத் தேடி அதனையே நாட்டின் மூலமாக்க முற்பட்டால் வருவது இனப் பூசலே என்பது அவர் கருத்து. ஆகவே தொடக்கத்தை 1819 இல் வைத்துக்கொள்வதே நலம் என்றார். வரலாறு கற்பிக்கும் எனக்கு இக்கருத்து உடன்பாடன்று. மண்ணுக்குள் ஓடு இருக்கையில் இல்லை என்று கொள்ளலாகாது. ஆனால், யாழ்ப்பாணத்திற் பிறந்த ஒருவர் இன்று அதனை வாசிக்கும்போது, அவர் எதற்கு அஞ்சினார் என்பதை அறியாமலிருக்கவும் முடியாது. யார் முன்வந்தார் என்னும் வழக்கினால் நாம் இழந்தவை எத்தனை!

காலம் அவர் வைத்த எல்லையை மெல்ல நகர்த்திவிட்டது. 2019 ஆம் ஆண்டில் ராபிள்ஸ் வந்த இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியபோது, எழுநூறாண்டு வரலாறு என்றே அரசாங்கம் பேசிற்று. ஆற்றங்கரையில் ராபிள்ஸின் வெண்சிலைக்குப் பக்கத்திற் சில நாட்கள் வேறு நால்வரின் சிலைகளையும் நிறுத்தினார்கள். சிங்கபுர இளவரசன் ஒருவர். செங்கற் சூளை வைத்த நாராயண பிள்ளை ஒருவர்.

குன்றிலிருந்து இறங்கும் வழியில் இரண்டு செங்கற் றூண்கள் தனித்து நிற்கின்றன. வாயில் உண்டு, உள்ளே வீடு இல்லை. 1960 ஆம் ஆண்டில் அங்கே தேசிய நூலகம் திறக்கப்பட்டது. நான்கு மொழி நூல்களும் இருந்த, ஏழைப் பிள்ளைகள் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து பரீட்சைக்குப் படித்த நூலகம். குன்றைக் குடைந்து வாகனச் சுரங்கப் பாதை அமைப்பதற்காக 2004 ஆம் ஆண்டில் அதை மூடி இடித்தார்கள். மக்கள் வேண்டாம் என்று பத்திரிகைகளுக்கு எழுதினார்கள், பயனில்லை. நூல்களோ அழியவில்லை, வேறிடத்தில் எழுந்த பதினாறு மாடி நூலகத்துக்குப் போயின. எரிந்த நூலகத்தைக் கண்ட ஊரவனாகிய எனக்கு, நூல்கள் பிழைத்தனவே என்ற ஆறுதல் முதலில் வந்தது. இரண்டாவதாகத்தான் தூண்களின் தனிமை கண்ணிற் பட்டது.

இவ்வளவும் சொல்லி, அந்நகரத்தாரைக் குறை கூறிச் செல்வது நீதியாகாது. 1961 மே மாதத்தில் புக்கிற் ஹோ சுவீ என்னும் குடிசைப் பேட்டையிற் பற்றிய தீயினால் ஒரே நாளில் ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். சீனர் பேட்டையின் பழைய கடைவீடுகளில், பலகையால் மறைத்த காற்றில்லா அறைகளிற் குடும்பங்கள் நெருங்கிக் கிடந்தன. 1960 ஆம் ஆண்டில் அமைந்த வீடமைப்புச் சபை அவர்களைத் தொடர்மாடி வீடுகளிற் குடியேற்றிற்று. இன்று மக்களில் ஐந்தில் நால்வர் அவ்வீடுகளிலேயே வாழ்கின்றனர். 1977 முதற் பத்தாண்டு உழைத்து, நாற்றமெடுத்த ஆற்றையும் தூய்மையாக்கினார்கள். 1989 ஆம் ஆண்டு முதற் பழைய தெருக்களைச் சட்டத்தாற் காக்கத் தொடங்கினார்கள். அப்போது கடைவீடுகள் தப்பின. உள்ளிருந்தோர் ஏற்கனவே போய்விட்டார்கள். வண்ணம் தீட்டிய அச்சாளரங்களுக்குப் பின்னே இப்போது உணவுச்சாலைகளும் கந்தோர்களும் இருக்கின்றன. பெரியோர் சிலர் மாலையில் அங்கே வந்து சதுரங்கம் ஆடிவிட்டுத் தங்கள் தொடர்மாடிக்குத் திரும்புகின்றார்கள்.

கடைசி நாள் மாலையில், பாட்டனார் சொன்ன கொலியர் துறைக்குப் போனேன். தெலுக் ஆயரில் மூன்று கோயில்களும் இழந்த கடல் அவர் காலத்தில் அங்கே வந்து நின்றது. 1933 ஆம் ஆண்டில் அத்துறையிலே திறக்கப்பட்ட கிளிபர்ட் இறங்குதுறையில், கப்பலிலிருந்து சிறு வள்ளங்களில் வந்தோர் கரையேறினார்கள். 2006 ஆம் ஆண்டில் இறங்குதுறை மூடப்பட்டது. அதன் அழகிய வளைவுக் கூரையின் கீழே இப்போது வெள்ளை விரிப்பிட்ட மேசைகள் போட்டிருக்கின்றார்கள்.

எதிரே நீர் பரந்து கிடந்தது. அலையில்லை. ஒரு கப்பலுமில்லை. குனிந்து முகர்ந்து பார்த்தேன். உப்பு மணமும் இல்லை. அருகே தூண்டில் வைத்திருந்த முதியவரொருவர் தமிழர். என்னைப் பார்த்துச் சிரித்து, "என்ன தம்பி, எதையாவது தொலச்சிட்டீங்களா?" என்று கேட்டார். கடலைத் தேடுகின்றேன் என்றேன். 2008 ஆம் ஆண்டிலே குடாவின் வாயை அணைகட்டி அடைத்துவிட்டதையும், உப்பு நீர் கழிந்து மழைநீர் நிறைந்து இப்போது அது குடிநீர்த் தேக்கமாக இருப்பதையும் அவர் விளக்கினார். கடலுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். அவர் தூண்டிலை ஒரு கையிற் பிடித்துக்கொண்டு, மறு கையால் விடுதிக்கும் பூங்காவுக்கும் அப்பால் நெடுந்தூரம் காட்டினார்.